கரிசலும் தேரியும்: ஒரே மாவட்டம், இரண்டு ஈரக்கணக்கு

தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள். இரண்டும் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. மாசி மாதம் கரிசல் காட்டில் உளுந்து சருகாகி நிற்கும்போது வேர் மட்டத்து மண்ணை அள்ளி உலர்த்தி எடை பார்த்தால், கன அளவில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் தண்ணீர் இருக்கும். நல்ல மழை பெய்து வடிந்த பிறகு தேரி மணலில் இருப்பது ஒன்பது, பத்துதான். ஆனால் அங்கே முருங்கை தளதளவென்று நிற்கும். தண்ணீர் அதிகம் உள்ள மண்ணில் செடி சாகிறது, குறைவாக உள்ள மண்ணில் பிழைக்கிறது.

மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். மண் எவ்வளவு விட்டுக்கொடுக்கும், எந்த ஆழத்திலிருந்து, என்ன வேகத்தில் என்ற மூன்று கேள்விகளும் சேர்ந்தால்தான் அது செடியின் கணக்காகும். இந்த இரண்டு மண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் தெளிவாகத் தெரியும்.

தண்ணீரைப் பிடித்திருப்பது எது

மண் துகளின் மேல் தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது. துகள்களுக்கு நடுவே உள்ள நுண்துளைகளில் தண்ணீரின் பரப்பு இழுவிசை அதைப் பிடித்து நிறுத்துகிறது. துளை சிறுத்தால் பிடி இறுகும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். சுமார் 30 மைக்ரான் அகலத் துளையில் உள்ள தண்ணீரை வெளியே இழுக்க 10 கிலோபாஸ்கல் உறிஞ்சுவிசை போதும். 0.2 மைக்ரான் துளையிலிருந்து எடுக்க 1,500 கிலோபாஸ்கல் வேண்டும். அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 15 மடங்கு.

நனைந்த துணியைத் தூக்கிப் பிடித்தால் கொஞ்சம் தண்ணீர் தானாகச் சொட்டும். அப்புறம் பிழிய வேண்டும். எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் துணி ஈரமாகத்தான் இருக்கும். மண்ணும் அப்படியே. பெரிய துளைகளில் உள்ளது ஓரிரு நாளில் புவியீர்ப்பில் வடிந்துவிடும். வடிந்து நின்ற பிறகு மிஞ்சும் அளவை வயல் கொள்திறன் என்கிறார்கள். வேர் இழுத்துப் பார்த்து முடியாமல், மாலையில் வெயில் தாழ்ந்தும் இலை நிமிராத நிலை நிரந்தர வாடல் நிலை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் செடிக்கு உதவும் தண்ணீர்.

வாடல் நிலையை முறையாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் லைமன் பிரிக்ஸும் ஹோமர் ஷான்ட்ஸும். 1912-இல் வெளியான அவர்களுடைய ஆய்வின் வியப்பு இதுதான்: பல இனச் செடிகளை ஒரே மண்ணில் வளர்த்தபோது, அவை வாடிய ஈர அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஆனால் மண்ணை மாற்றினால் அந்த அளவு பல மடங்கு மாறியது. எந்த ஈரத்தில் வாடும் என்பதைச் செடியின் வகையைவிட மண்ணின் வகையே தீர்மானிக்கிறது.

கரிசலில் களி பாதிக்கு மேல். அந்தக் களி, ஈரம் பட்டால் ஊதும் ஸ்மெக்டைட் வகை. அதன் ஒரு கிராமில் உள்ள மொத்தப் பரப்பை விரித்தால் 600 சதுர மீட்டரைத் தாண்டும். அத்தனை பரப்பிலும் தண்ணீர்ப் படலம் ஒட்டியிருக்கிறது. ஆனால் துகளோடு நெருங்கி ஒட்டிய அந்தப் படலத்தை வேரால் பிரிக்க முடியாது. தேரி மணலில், இரும்பு ஆக்சைடு பூசிச் சிவந்த குவார்ட்ஸ் துகளின் ஒரு கிராம் பரப்பு மிகச் சொற்பம். துளைகளும் பெரியவை. பிடித்திருப்பது கொஞ்சம்தான் என்றாலும், அதில் பெரும்பகுதியை வேர் சுலபமாக எடுத்துக்கொள்ளும்.

எண்களில் வைத்துப் பார்த்தால்

இத்தகைய களிமண்ணுக்கும் மணலுக்கும் மண்ணியலில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவுகளையே இங்கும் எடுத்துக்கொள்கிறேன். கடுங்கரிசலுக்கு வயல் கொள்திறன் கன அளவில் 42 சதவீதம், வாடல் நிலை 24. தேரிக்கு 9, 3. அப்படியானால் ஒரு மீட்டர் ஆழக் கரிசலில் 420 மி.மீ தண்ணீர் நிற்கும், அதில் 240 மி.மீ செடிக்கு எட்டாது, 180 மி.மீ கிடைக்கும். தேரியில் நிற்பது 90 மி.மீ, கிடைப்பது 60. மழை நின்றபின் பயிர் நாளுக்கு 4 மி.மீ குடிப்பதாக வைத்தால் கரிசல் 45 நாள் தாங்கும், தேரி 15 நாள்.

கரிசல் மானாவாரியின் அடிப்படை இதுதான். மார்கழியோடு மழை போய்விட்டாலும் தையிலும் மாசியிலும் பருத்தி காய் பிடிக்கிறது, கொண்டைக்கடலையும் கொத்தமல்லியும் விளைகின்றன. இந்த மண்ணுக்கென்றே பழகிய கருங்கண்ணிப் பருத்தியின் வேர் ஆழமாகப் போகும்.

ஆனால் கடைசிச் சொட்டு வரை குடித்துக்கொண்டே செடி நன்றாக விளையும் என்று நினைக்கக் கூடாது. உலக உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட பாசனக் கையேடு, எந்தப் பயிர் இந்தச் சேமிப்பில் எத்தனை பங்கை வாட்டமில்லாமல் எடுக்கும் என்று சொல்கிறது. பருத்தி 65 சதவீதம், மக்காச்சோளம் 55, பாசிப்பயறு 45. வேர் ஆழமும் சேர்ந்தால் வித்தியாசம் பெரிதாகும். 1.2 மீட்டர் வேர்விட்ட பருத்திக்குக் கரிசலில் 140 மி.மீ சுலபமாகக் கிடைக்கும், அதாவது 35 நாள். 60 செ.மீ வேர்விட்ட பாசிப்பயறுக்கு 49 மி.மீ, 12 நாள். ஒரே காடு, ஒரே மழை. பக்கத்துப் புஞ்சையில் பருத்தி நிற்கும்போது தன் பயறு மட்டும் ஏன் காய்கிறது என்று வருந்துகிறவருக்கு இதுதான் பதில். மண் மோசமில்லை. பயறின் வேர் எட்டும் தூரம் அவ்வளவுதான்.

வெயிலும் சேர்ந்த கணக்கு

வயல் கொள்திறனிலிருந்து வாடல் நிலை வரை எந்தப் புள்ளியில் இருந்தாலும் தண்ணீர் செடிக்கு ஒரே அளவு சுலபம்தான் என்று கலிஃபோர்னியாவின் வைமையரும் ஹென்ட்ரிக்ஸனும் நெடுங்காலம் வாதிட்டார்கள். அவர்கள் பழ மரத் தோட்டங்களில் நிறைய அளந்தவர்கள், அதனால் அவர்கள் பேச்சுக்கு மதிப்பிருந்தது. 1962-இல் அயோவாவில் டென்மெட்டும் ஷாவும் தொட்டிகளில் மக்காச்சோளம் வளர்த்து அளந்து, அது அப்படியில்லை என்று காட்டினார்கள். மேகமூட்டமான நாளில், மண் வாடல் நிலைக்கு அருகே காய்ந்த பிறகும் பயிர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில், மண் இன்னும் நல்ல ஈரமாக இருக்கும்போதே பயிரின் நீராவிப்போக்கு குறையத் தொடங்கிவிட்டது.

காரணம் வேகம். வேர் தன்னைச் சுற்றியுள்ள ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் மண்ணிலிருந்து முதலில் உறிஞ்சுகிறது. அந்த இடம் காய்ந்ததும் தள்ளியுள்ள ஈரம் அங்கே நகர்ந்து வர வேண்டும். மண் காயக் காயப் பெரிய துளைகள் காலியாகி, தண்ணீர் மெல்லிய படலங்கள் வழியே சுற்றிச் சுற்றித்தான் வர முடியும். ஈர மண்ணில் நகரும் வேகத்தோடு ஒப்பிட்டால் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். நண்பகலில் இலை கேட்கும் வேகத்துக்கு மண்ணால் கொடுக்க முடியவில்லை.

கோவில்பட்டி வட்டாரத்தில் பருத்தி நின்ற பல காடுகளில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. விலையும் ஆள் செலவும் பார்த்து விவசாயிகள் எடுத்த முடிவு, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நீர்க்கணக்கில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பருத்தி ஒரு வாரம் வாடினால் சில மொட்டுகளை உதிர்த்துவிட்டு, அடுத்த ஈரத்தில் மறுபடி பூக்கும். மக்காச்சோளத்துக்குப் பூக்கும் காலம் சில நாள்தான். அந்த நாள்களில் வெயில் கடுமையாக இருந்து வேரைச் சுற்றி ஈரம் நகர மறுத்தால் கதிர் மணி பிடிக்காது, பின்னால் பெய்யும் மழை அதைச் சரிசெய்யாது. கரிசலில் ஈரம் இருக்கிறது என்ற தைரியம் பருத்திக்குப் பொருந்துகிற அளவு மக்காச்சோளத்துக்குப் பொருந்தாது.

தூறலும் புழுதி விதைப்பும்

கோடை முடிந்து புரட்டாசியில் 10 மி.மீ தூறல் விழுகிறது என்று வைப்போம். காய்ந்த கரிசலின் மேல்மண் கொள்திறனை எட்ட கன அளவில் சுமார் 25 சதவீதம் தண்ணீர் கேட்கும். ஆக 10 மி.மீ மழை 4 செ.மீ ஆழம்தான் நனைக்கும். அந்த 4 செ.மீ இரண்டு மூன்று நாள் வெயிலில் ஆவியாகிவிடும். தேரியில் குறைபாடு 7 சதவீதம்தான், அதே மழை 14 செ.மீ இறங்கும். மேலே ஓரிரு அங்குலம் காய்ந்ததும் மணலின் பெரிய துளைகள் காலியாகி, கீழே உள்ள ஈரம் மேலே ஏறி வரும் பாதை அறுந்துவிடும். காய்ந்த மேல்மணலே மூடியாகிறது. இதை அமெரிக்க இயற்பியலாளர் எட்கர் பக்கிங்ஹாம் 1907-லேயே அளந்து சொன்னார்: கடும் வறட்சிச் சூழலில் வைத்த மண் முதலில் வேகமாக ஈரம் இழந்தாலும், மேற்பரப்பு காய்ந்த பிறகு மொத்தத்தில் குறைவாகவே இழக்கிறது.

அதனால்தான் மழை குறைந்த வறண்ட நாடுகளில் களிமண்ணைவிட மணலில் செடிகொடி செழிப்பாக இருப்பதைச் சூழலியலாளர்கள் காண்கிறார்கள். இஸ்ரேலின் நோய்-மெயர் 1973-இல் இதை விரிவாக எழுதினார். மழை கூடக்கூட நிலைமை தலைகீழாகி களிமண் முந்திக்கொள்ளும். தூத்துக்குடி மாவட்டத்தில் நல்ல மழை வருடத்தில் கரிசல் ஜெயிக்கும். தூறித் தூறியே ஏமாற்றும் வருடத்தில் கரிசல்தான் முதலில் அடிவாங்கும்.

இதைக் கணக்குப் போடாமலே அறிந்தவர்கள் கரிசல் விவசாயிகள். பருவமழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுகிறார்கள். மழை பெய்த பிறகு கரிசலில் கால் வைக்க முடியாது, ஏர் ஒட்டிக்கொள்ளும். பதம் வரும்வரை காத்திருந்தால் பத்து நாள் ஈரம் வீணாகும். ஆகவே முன்விதைப்பு. விதையை 5 செ.மீ ஆழத்தில் போடச் சொல்வதில்தான் நுட்பம் இருக்கிறது. 10 மி.மீ தூறல் 4 செ.மீ-இல் நின்றுவிடும், விதை தூங்கும். 20, 25 மி.மீ சேர்ந்து பெய்தால்தான் ஈரம் விதையைத் தாண்டி 8, 10 செ.மீ வரை இறங்கும், முளைத்த குருத்துக்கும் அடுத்த சில நாள் பிழைக்க ஏதாவது இருக்கும். மேலாக விதைத்தால் முதல் தூறலிலேயே முளைத்து, அடுத்த வாரம் கருகும். விதையின் ஆழமே மழையை அளக்கும் கருவியாகிறது. மானாவாரி வேளாண்மையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972-இல் தொடங்கிய இக்ரிசாட் எனும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கு வகுத்த முறையிலும் மழைக்கு முந்திய காய்ந்த விதைப்பு முக்கிய அங்கம்.

சரி, வெடிப்புகள்? கோடையில் கரிசல் பிளந்து கிடக்கும்போது கனமழை கொட்டினால் கொஞ்சம் தண்ணீர் வெடிப்பு வழியே நேராக ஆழத்துக்குப் போய்விடும். அடிமண்ணுக்கு அது நல்லது, ஆனால் மேல்மண் காய்ந்தே இருக்கலாம். பயிர் நிற்கும்போது விழும் வெடிப்போ நஷ்டம். அதன் சுவர்கள் வழியே ஆழத்து ஈரமும் காற்றில் போகும், வேரும் அறும். இடையுழவில் மேல்மண்ணைக் கிளறி வெடிப்பை மூடுவது களைக்காக மட்டுமல்ல.

டிசம்பர் 2023

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. திருச்செந்தூரில் 69. கோவில்பட்டியில் சுமார் 50. ஏறக்குறைய ஒரு வருடத்து மழை ஒரே நாளில். வீடும் ஆடுமாடும் உயிரும் போன துயரத்தை இங்கே எழுதப் புகவில்லை. மண் என்ன செய்தது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

500 மி.மீ மழையில் கரிசல் எவ்வளவு எடுத்துக்கொள்ள முடியும்? 1.2 மீட்டர் ஆழமும் எலும்பாகக் காய்ந்து கிடந்திருந்தாலே 300 மி.மீ-க்கு மேல் இடமில்லை. மார்கழித் தொடக்கத்தில் அது காய்ந்தும் இல்லை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஓரளவு நனைந்திருந்தது. அதோடு களி ஊதி வெடிப்புகள் மூடிய பிறகு கரிசலில் தண்ணீர் இறங்கும் வேகம் மணிக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான். ஒரு நாள் முழுக்க இறங்கினாலும் 50 மி.மீ-ஐத் தாண்டுவது கஷ்டம். மிச்சம் அத்தனையும் காட்டைக் கடந்து ஓடியது, அல்லது தேங்கியது. தேங்கிய இடத்தில் செடி தண்ணீருக்குள்ளேயே வாடியது. வேர் தண்ணீரை உள்ளே எடுக்க அதற்கு மூச்சு வேண்டும். மண்ணின் கன அளவில் பத்தில் ஒரு பங்காவது காற்று இல்லாவிட்டால் பெரும்பாலான பயிர்களின் வேர் திணறும். உளுந்தும் பாசிப்பயறும் இதில் மிகவும் பலவீனமானவை. ஒரு வருட மழை ஒரு நாளில் வந்தால், மண்ணுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாளில் அது விழுங்க முடிந்தது மட்டுமே.

தேரிக்கு உள்வாங்கும் வேகம் பிரச்சினையே இல்லை. திருச்செந்தூரில் பெய்த 69 செ.மீ முழுதும் ஒரு தேரி மேட்டில் இறங்கியதாக வைத்தால், 7 சதவீதக் கணக்கில் சுமார் 10 மீட்டர் ஆழம் வரை நனைத்திருக்கும். முருங்கை வேருக்கு அதில் பெரும்பகுதி எட்டாது, ஆனால் வீணாகவும் இல்லை. கீழே இறங்கி நிலத்தடி நீராகிறது. திருச்செந்தூர் அருகே மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில், சுற்றிலும் செம்மணலாகக் கிடக்கும் இடத்தில் வற்றாத சுனை ஒன்று இருக்கிறது. மணல் தன்னிடம் நிறுத்திக்கொள்ள முடியாமல் கீழே விட்ட மழைதான் அங்கே வெளியே வருகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் பேர் வாங்கித் தந்த பனைகளும் மேல்மண்ணின் 60 மி.மீ-ஐ மட்டும் நம்பி நிற்பவை அல்ல. ஆழத்தில் வேர் பரப்பி நிற்பவை.

தொழுவுரம், கரம்பை, கம்பி

மக்கு சேர்த்தால் மண் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும் என்று இணையத்தில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். தொழுவுரத்தின் மேல் எனக்கும் மிகுந்த மதிப்பு உண்டு, ஆனால் இந்தக் கணக்கு மிகை. 2018-இல் மண்ணியலாளர்கள் மினாஸ்னியும் மெக்பிராட்னியும் உலகெங்கும் உள்ள அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கரிமம் ஒரு சதவீதம் கூடினால் செடிக்கு உதவும் நீர் சராசரியாக 100 மி.மீ மண்ணுக்கு 1.2 மி.மீ அளவுதான் கூடியது. 15 செ.மீ மேல்மண்ணில் இது 2 மி.மீ கூட இல்லை, பயிருக்கு அரை நாள் குடிநீர். அரை சதவீதக் கரிமத்துக்குத் திண்டாடும் நம் மானாவாரி மண்ணில் ஒரு சதவீதம் கூட்டுவதே பல வருட வேலை. தொழுவுரத்தின் உண்மையான உதவி வேறு இடத்தில் இருக்கிறது: மேல்மண் பொருக்குத் தட்டாமல் வைத்து மழையை உள்ளே விடுகிறது. வழிந்தோடும் 50 மி.மீ-இல் 20 உள்ளே இறங்கினாலே அது பெரிய லாபம்.

தேரி ஓரத்து மணலுக்குக் கண்மாய்க் கரம்பை, அதாவது கண்மாயில் படிந்த வண்டல், அடிப்பதில் நேரடிப் பயன் உண்டு. களியும் நுண்வண்டலும் சேர்ந்து துளைகளைச் சிறிதாக்கும், பிடிப்பு கூடும். ஆனால் கரம்பையை மணலோடு நன்றாகக் கலக்க வேண்டும். மேலே தனி அடுக்காகக் கிடந்தால், நுண்துளை அடுக்கில் உள்ள தண்ணீர் அது நிரம்பும் வரை கீழே உள்ள பெருந்துளை மணலுக்குள் இறங்காது. தொட்டிச் செடிக்கு அடியில் ஜல்லி போட்டால் நன்றாக வடியும் என்பதும் இதே காரணத்தால் தவறுதான். மண் ஜல்லிக்கு மேலேயே நிரம்பி நிற்கும். சொட்டுநீர் போடுகிறவர்கள் தேரியில் வாரம் ஒரு முறை நிறைய விடுவதைவிட, தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாக விடுவது நல்லது. மணல் வைத்துக்கொள்ளாததை விட்டுப் பயனில்லை. டென்சியோமீட்டர் எனும் ஈர இழுவிசைமானி சுமார் 80 கிலோபாஸ்கல் வரைதான் வேலை செய்யும். மணலில் உதவும் தண்ணீர் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் தீர்ந்துவிடுவதால் அங்கே அது நம்பகமானது. கரிசலில் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

கரிசலுக்கு விலை குறைந்த வழி ஒன்று உண்டு. கார்த்திகை கடைசியில், கொண்டைக்கடலையோ மல்லியோ விதைக்கும் முன், முனை சற்றுத் தடித்த ஒரு மீட்டர் இரும்புக் கம்பியைக் கையால் அழுத்த வேண்டும். ஈரக் கரிசலில் இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். காட்டில் பல இடத்தில் குத்திப் பார்த்துச் சராசரி எடுக்கலாம். சுக்கான்கல் எனும் சுண்ணாம்புக் கட்டி தட்டினால் அந்த அளவை விட்டுவிட வேண்டும். கொள்திறன் வரை நனைந்த 10 செ.மீ-க்கு 18 மி.மீ. கம்பி 90 செ.மீ போனால் செடிக்கு உதவும் தண்ணீர் 160 மி.மீ அளவு இருக்கிறது, பின்மழையே வராவிட்டாலும் கொண்டைக்கடலை ஓரளவு விளையும். 60 செ.மீ என்றால் 108 மி.மீ, மல்லி மாதிரிச் செலவு குறைந்த பயிரை யோசிக்கலாம். 40 செ.மீ-இல் நின்றால் கையில் இருப்பது 72 மி.மீ, நாளுக்கு 3 மி.மீ என்றாலும் 24 நாள். அந்த வருடம் விதைக்கும் உழவுக்கும் காசு போடாமல், மாட்டுக்குத் தீவனச் சோளம் தூவிவிடுவதே நான் சொல்லும் யோசனை.